காட்டுக்குள் ஒரு மைக் செட்

நான் காட்டுக்குள் மைக் செட் கொண்டு போனவன். கோயில் கொடைக்கு அல்ல, கட்சிக் கூட்டத்துக்கும் அல்ல, பறவை பார்க்க. மைக் செட் என்றதும் புளியமரத்தில் கட்டிய குழாயை நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற ப்ளூடூத் ஸ்பீக்கர். தண்ணீரில் விழுந்தாலும் பாடும், ஒரு நாள் முழுக்க சார்ஜ் நிற்கும் என்றெல்லாம் டப்பாவில் அச்சிட்டிருந்தார்கள். கூப்பிட்ட பறவை வரும் என்று எங்கும் போடவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

பறவை நோக்குகிறவர்கள் இதை ‘பிளேபேக்’ என்பார்கள். விஷயம் சுலபமானது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் ஆண் பறவைக்கென்று ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் தன் இனத்து இன்னோர் ஆணின் குரல் கேட்டால் அது சும்மா இருக்காது. வாசலில் எவனோ வந்து நின்று “இது என் வீடு” என்று கத்தினால் நாமும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வருவோம் அல்லவா, அதேதான். முன்பே பதிவு செய்த குரலைப் புதர் ஓரம் ஒலிக்கவிட்டால், உள்ளே ஒளிந்திருப்பது சண்டைக்கு வரும். நாம் படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

புதிய தந்திரம் ஒன்றும் இல்லை. பழக்கிய மானைக் கட்டிவைத்துக் காட்டு மானை வரவழைத்த வேடர்களைச் சங்கப் பாட்டிலேயே பார்க்கலாம். கூண்டுக் கௌதாரியைக் கூவவிட்டுக் கண்ணி வைப்பது நம் ஊர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. அவர்கள் மானும் கௌதாரியும் கொண்டு போனார்கள், நான் சார்ஜர் கொண்டு போனேன். அவர்களுக்குக் கிடைத்தது.

எனக்கு வேண்டியிருந்தது தவளைவாயன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே இருக்கிற இரவுப் பறவை; மைனா அளவுதான் இருக்கும், வாய் மட்டும் அகலம். பகலில் ஆணும் பெண்ணும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துவிடும். ஆண் சாம்பல் பூத்த நிறம், பெண் செம்பழுப்பு. இரண்டும் சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டால் காய்ந்த இலைக்கொத்து என்று சத்தியம் செய்வீர்கள். என் கூட்டாளிகள் எல்லோர் பட்டியலிலும் அது ஏறிவிட்டது. என் பட்டியலில் இல்லை. பறவை பார்ப்பது மனத்துக்கு அமைதி தரும் பொழுதுபோக்கு என்று வெளியே இருப்பவர்கள் நம்புகிறார்கள். உள்ளே வந்து பார்த்தால் பங்காளிச் சண்டை தோற்றுப்போகும்.

ஆனைமலைச் சரிவில் தெரிந்தவர் ஒருவரின் காபித் தோட்டம். பொழுது சாய்கிற நேரம். ஸ்பீக்கரை ஒரு வேரின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். பறவைக்கு முன்னால் ஒரு பெண்மணி பேசினாள். “பவர் ஆன்” என்றாள். கொஞ்சம் விட்டு, “கனெக்டட்” என்றாள். நல்ல கணீர்க் குரல். அதுவரை எங்கோ விடாமல் கூவிக்கொண்டிருந்த குக்குறுவான் வாயை மூடிக்கொண்டது.

அடுத்து தவளைவாயன் கூப்பிட்டது. அதாவது என் போனில் இருந்த தவளைவாயன். குரலை செனோ-கான்டோவிலிருந்து இறக்கியிருந்தேன். 2005-இல் நெதர்லாந்தில் இரண்டு பேர் தொடங்கிய பறவைக்குரல் கிடங்கு அது. உலகத்துப் பறவைகளெல்லாம் அதில் கத்திக்கொண்டிருக்கின்றன. அங்கே பதிவு செய்கிற சிலருக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பறவை முடித்ததும் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, தேதி, இடம், நேரம் எல்லாம் சொல்லி முடிப்பார்கள். கடைசித் துண்டை நறுக்கியிருக்க வேண்டும். நான் நறுக்காததோடு, திரும்பத் திரும்ப ஓடும்படி வேறு வைத்திருந்தேன். தவளைவாயன், வெள்ளைக்காரர், தவளைவாயன், வெள்ளைக்காரர் என்று அந்தி முழுக்க மாறி மாறிக் கூவினார்கள்.

சரி, இருட்டட்டும் என்று காத்திருந்தபோது கந்த சஷ்டி கவசம் கிளம்பியது. என் ரிங்டோன். பதறிப்போய் எடுத்தால், எதிர்முனையும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது.

“ஏங்க, கேஸ்காரர் வந்திருக்காரு. பணம் எங்க வெச்சீங்க?”

“பூஜை அலமாரில, தாம்பாளத்துக்கு அடியில,” என்று கிசுகிசுத்தேன்.

“கேக்கல. சத்தமாச் சொல்லுங்க.”

சத்தமாகச் சொன்னேன். எங்கள் வீட்டில் பணம் எங்கே இருக்கிறது என்பது இப்போது அந்தப் பள்ளத்தாக்கில் யானை முதல் எறும்பு வரை எல்லோருக்கும் தெரியும்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் காலை, தவளைவாயன் வராவிட்டால் போகட்டும், வேறு எதையாவது வரவழைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சிறு காட்டாந்தையின் குரலைப் போட்டேன். இதுவும் ஊரறிந்த உத்திதான். ஆந்தைச் சத்தம் கேட்டால் சின்னப் பறவைகள் ஒன்றுகூடி விரட்ட வரும். வந்தன. தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, கொண்டைக்குருவி, சிலம்பன் என்று ஒரு ஊரே திரண்டு வந்து என் தலைக்கு மேல் கூச்சல் போட்டது. காலை இரை தேடும் நேரம். தின்ன வேண்டிய அத்தனை வாயும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தது. ஆந்தை மட்டும் வரவில்லை.

அந்தக் கும்பலுக்குத் துடுப்புவால் கரிச்சான் ஒன்று தலைமை தாங்கியது. நடுவில் வானத்திலிருந்து பாம்புப் பருந்தின் அலறல் கேட்டது. நான் கழுத்து வலிக்கத் தேடினேன், பருந்து அகப்படவில்லை. குரல் கேட்டது கேட்டதுதானே என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒலியைப் பிறகு ஒரு நண்பருக்கு அனுப்பினேன். அவர் பதிலுக்குச் சிரிப்பு முகங்களை மட்டும் வரிசையாக அனுப்பினார். பருந்துபோலக் கத்தியது அந்தக் கரிச்சானேதான். பலகுரல் வித்தையில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இலங்கையின் சிங்கராஜா காட்டில் ஈபன் குடேலும் சரத் கொட்டகமவும் இந்தக் கரிச்சானை ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள். மற்ற பறவைகளின் குரலை அது போலி செய்யும்போது அவை அதன் பக்கம் வந்து சேர்கின்றன என்று பரிசோதித்தே காட்டினார்கள். கலப்புக் கூட்டத்தில் இரை தேடுகிற கரிச்சானுக்கு அதனால் லாபம். நான் காசு கொடுத்து வாங்கிய கருவி கரிச்சானின் தொண்டைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. சார்ஜும் போட வேண்டாம்.

இதுவரை சொன்னவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. ஆந்தைக் கதை அப்படி இல்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் தங்கியிருந்தேன். மாந்தோப்பிலும் புளியந்தோப்பிலும் வசிக்கிற பெரிய மர ஆந்தை ஒன்று உண்டு. நடுங்கி நடுங்கி இழுக்கிற அதன் குரலை இருட்டில் கேட்டால் பகுத்தறிவாளருக்கும் வயிற்றைக் கலக்கும். அதைத் தேடி ராத்திரி முழுக்க தோப்புக்குள் ஸ்பீக்கரை ஓடவிட்டேன். ஆந்தை வராததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் காபி கொண்டுவந்த சமையற்கார அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. துருவிக் கேட்டேன்.

“பக்கத்து சாளைல பெரியவரு பத்து நாளா இழுத்துக்கிட்டு கெடக்கறாருங்க. ராத்திரியெல்லாம் அது அலறுனதுல அந்த வூட்டுல ஒருத்தரும் கண்ணு மூடலீங்க. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியுட்டுட்டாங்க.”

ஆந்தை ஒரு முறை அலறினால் என்ன பலன், இரண்டு முறை அலறினால் என்ன பலன் என்று எண்ணிச் சொல்கிற சாத்திரம் நம் ஊரில் இருக்கிறது. என் ஸ்பீக்கர் சாத்திரத்துக்குக் கட்டுப்படாமல் நூற்றுக்கணக்கில் அலறியிருக்கிறது. திருப்பூரிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கியதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து போய், “அது நான்தாங்க” என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. பெரியவர் அந்த முறை பிழைத்துக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நல்ல செய்தியை என் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது.

இவ்வளவுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை ஸ்பீக்கர் பலித்தது. நான் செய்ததிலேயே மோசமானது அதுதான்.

சோலைபாடி. குண்டுகரிச்சானுக்குச் சொந்தம், நீண்ட கருவால், செம்பழுப்பு வயிறு, குரலுக்கு ஈடு கிடையாது. உலகத்தில் முதன்முதலில் பதிவானதாக அறியப்படும் பறவைக் குரலே இதனுடையதுதான். 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன், அப்பா வாங்கிக் கொடுத்த எடிசன் கருவியில், வீட்டில் வளர்ந்த சோலைபாடியின் பாட்டை மெழுகு உருளையில் பிடித்தான். பிற்காலத்தில் இங்கிலாந்து போய் பிபிசி வழியாகப் பறவைக் குரல்களை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர் அவர்தான். அந்தப் பையன் பாட்டைச் சேமித்து வைத்தான். நான் அதே பாட்டைக் கோடை மழைக்கு முந்தைய ஒரு காலையில் மூங்கில் புதர் ஓரம் சண்டைக்கு அழைக்கப் பயன்படுத்தினேன்.

உடனே வந்தது. ஸ்பீக்கருக்கு மேலே தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலைத் தூக்கித் தூக்கி அடித்தது. அங்கிருந்து பாய்ந்து இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். எதிரியின் குரல் இருக்கிறது, ஆள் இல்லை. அது தேடிக்கொண்டே இருந்தது. நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். படம் அருமையாக வந்தது. நண்பர்கள் குழுவில் போட்டதும் கைதட்டல் குவிந்தது. குழுவில் மூத்தவர் ஒருவர், அதிகம் பேசாதவர், ஒரு வரி மட்டும் எழுதினார்: “வாயில் இருக்கும் புழு யாருக்கு?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலகில் பச்சைப் புழு தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எங்கோ கூட்டில் வாய் பிளந்து காத்திருந்த குஞ்சுகளுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை வைத்துக்கொண்டு, அப்பன்காரன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. நான் கூட்டைப் பார்க்கக்கூட இல்லை என்று வாதாடலாம்தான். அந்தப் புழு என் பக்கம் சாட்சி சொல்லாது.

அதன் பிறகுதான் படிக்க வேண்டியதைப் படித்தேன். முன்னாலேயே படித்திருக்கலாம், டப்பாவைப் படித்ததோடு நின்றுவிட்டேன். மென்னில், ராட்கிளிஃப், போக் என்ற மூன்று ஆய்வாளர்கள் கனடாவில் கருந்தொப்பிச் சிட்டுகளிடம் செய்த சோதனை 2002-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. கூட்டத்தில் உயர்ந்த அந்தஸ்துள்ள ஆண் சிட்டுகளோடு, ஒலிபெருக்கியில் போட்ட குரலை விடாமல் மோதவிட்டார்கள். ஒலிபெருக்கி ஒருநாளும் பின்வாங்காது. ஆகவே நிஜச் சிட்டு தோற்றதுபோல ஆயிற்று. பெண் சிட்டு இதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தது. பிற்பாடு குஞ்சுகளின் மரபணுவைப் பார்த்தால், தோற்றவர்களின் கூட்டில் அயலானின் குஞ்சுகள் கூடியிருந்தன. சில நிமிடப் பாட்டில் குடும்பமே கலைந்திருக்கிறது. நம் ஆட்கள் ஒரு படத்துக்காகத் தவளைவாயனை அரை மணி நேரம் வம்புக்கு இழுக்கிறார்கள். அது ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை.

எக்வடோரில் ஹாரிஸும் ஹாஸ்கெல்லும் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி. ஒருவகைச் சிறு குருவிக் கூட்டங்களுக்குத் தினம் ஐந்து நிமிடம் வீதம் 20 நாள் பதிவுக்குரலைப் போட்டார்கள். முதலில் பலமாகப் பதில் கொடுத்தவை, 12-ஆம் நாளுக்குள் ஏறக்குறையக் கண்டுகொள்வதையே விட்டுவிட்டன. இதைப் படித்துவிட்டு, பரவாயில்லை, பறவைக்குப் பழகிவிடும் என்று நானும் கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிஜமான எதிரி வந்து கூவும்போதும் அது அசையாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று.

ஸ்பீக்கரே பாவம் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில், வேட்டையால் ஒழிந்துபோன ஆலாக்களை ஸ்டீபன் கிரெஸ் என்பவர் மரப் பொம்மைகளையும் பதிவுசெய்த குரலையும் வைத்துப் பழைய தீவுக்கே திரும்ப வரவழைத்தார். கடப்பை மாவட்டத்துக் கலிவிக்கோடியை, ஜெர்டன் கோர்சர் என்பார்களே, அதைச் சுமார் 80 ஆண்டுகள் யாரும் பார்க்காமல் அற்றுப்போனது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். 1986-இல் பரத் பூஷண் மறுபடி கண்டுபிடித்தார். தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிவரும் ப. ஜெகநாதன் பிறகு அந்த முட்காட்டில் பல காலம் இரவு இரவாக ஆராய்ந்தவர். காலடித் தடம் பதிய மண் பரப்பி வைப்பது, தானியங்கிக் கேமரா கட்டுவது, குரலைப் போட்டுப் பதில் வருகிறதா என்று கேட்பது எல்லாம் அங்கே நடந்தன. முள்ளுக்குள் மறைந்து வாழும் அதைப் பகலில் தேடிப் பயனில்லை. எந்தப் புதர்க்காட்டை வெட்டாமல் காக்க வேண்டும் என்று தெரிய அந்தப் பதில் வேண்டும். அவர்களுக்குக் கேள்வி இருந்தது, அனுமதி இருந்தது, எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு வாட்ஸாப் குழு.

என்னைப் போன்றவர்களுக்கும் வலைக்காரர்களுக்கும் நடுவே அதிகத் தூரம் இல்லை என்பதை ஐரோப்பியர்கள் எழுதியே வைத்துவிட்டார்கள். அவர்களுடைய 1979-ஆம் ஆண்டுப் பறவைச் சட்டத்தில் தடைசெய்த பிடிமுறைகளின் பட்டியலில் கண்ணி, பிசின், கொக்கி இவற்றோடு டேப் ரெக்கார்டரும் இருக்கிறது.

இலங்கையைச் சேர்ந்த தீபால் வரகாகொடவின் கதை தெரிந்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கூச்சமாக இருந்தது. தென்மேற்கு இலங்கையின் மழைக்காட்டில் 1995-இல் இருட்டில் ஒரு குரலைக் கேட்டார். அவருக்குத் தெரிந்த எந்த ஆந்தையின் குரலும் அல்ல. அதைக் கண்ணால் பார்த்தது 2001 ஜனவரியில். அறிவியலுக்கே புதிய சிற்றாந்தை என்று 2004-இல் உறுதியாயிற்று. 1868-க்குப் பிறகு அந்தத் தீவில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை. கேட்டதற்கும் பார்த்ததற்கும் நடுவே ஏறத்தாழ ஆறு வருடம். காபித் தோட்டத்தில் நான் ஆறு நிமிடம் பொறுக்கமாட்டாமல் வால்யூமைக் கூட்டியவன்.

தவளைவாயனைக் கடைசியில் பார்த்துவிட்டேன். எர்ணாகுளம் மாவட்டத்தில் பெரியாற்றங்கரையில் இருக்கிற தட்டேக்காடு சரணாலயம். சாலிம் அலி 1930-களில் சுற்றித் திரிந்து மெச்சிய காடு, 1983-இல் சரணாலயமாகி இப்போது அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. வழிகாட்டி சேட்டனிடம் என் ஸ்பீக்கரைப் பெருமையாகக் காட்டினேன். “அது பேகில இருக்கட்டே சாரே,” என்றார். வெயில் ஏறிய பிறகு, சாவகாசமாக டீ குடித்துவிட்டுக் கூட்டிப் போனார். நாணல் புதருக்குள் குனிந்து ஓர் இடத்தைக் காட்டினார். எனக்குக் காய்ந்த இலைதான் தெரிந்தது. அவர் மறுபடி காட்டினார். மறுபடியும் இலை. இலைக்கு மீசை இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் இரண்டு முகம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றோடொன்று சாய்ந்து உட்கார்ந்திருந்தன. தினமும் அங்கேயே, அல்லது அதற்கு நாலடி தள்ளித்தான் உறங்குமாம். கூப்பிடவே வேண்டாம், எங்கே தூங்குகிறது என்று தெரிந்த ஒருவர் இருந்தால் போதும்.

தட்டேக்காட்டில் எல்லா வழிகாட்டிகளும் அவரைப் போல இல்லை. நம்மை மாதிரி ஆட்கள் படம் கேட்டுப் படுத்துவதால் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆகவே நீங்கள் போனால் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “சேட்டா, குரல் போட வேண்டாம், பறவை வராவிட்டாலும் பேசிய காசு தருவேன்.” இரண்டாவது பாதியைச் சொல்லாவிட்டால் முதல் பாதியை அவர் நம்பமாட்டார். சொன்னபடி காசையும் கொடுத்துவிடுங்கள்.